இல்லை என்று நேரில் வந்து சொல்லவும்

ஆரோக்கியமேரி அன்றைக்கு வாயைத் திறக்காமல் வரிசையில் நின்றிருந்தால், அவள் புருஷன் எட்வர்ட் பாட்டுக்கு ஓமனில் வெல்டிங் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

புதுவாயலில் இருக்கும் அந்த வங்கியில் அன்று நல்ல கூட்டம். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் சம்பளக் கணக்கு திறக்க வந்து வாசல்வரை நின்றார்கள். காவலாளி மேரியைப் பார்த்து, "யம்மோவ், செவுத்தோரமா நவுந்து நில்லு" என்றான். சுவரோரம் என்றால் குப்பைக்கூடைக்குப் பக்கத்து இடம். மேரிக்குச் சுருக்கென்றது.

"யாரப் பாத்து நவுருன்ற? எங்க ஊட்டுக்காரரு ஃபாரின்ல இருக்காரு, தெரிமா?"

சொன்னது காவலாளிக்கு. கேட்டது மேலாளர் பாக்கியராஜுக்கு. அவர் கதவோரம் இருந்த வருகைப்பதிவு எந்திரத்தில் விரலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றிருந்தார். எந்திரம் ஒரு பெண் குரலில், 'மன்னிக்கவும், மீண்டும் முயலவும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் விரலைச் சட்டையில் துடைத்தபடி திரும்பினார்.

"வெளிநாடா? எந்த நாடும்மா?"

"ஓமன் சார். சோகார்னு ஒரு ஊரு. வெல்டிங் போர்மேனா கீறாரு."

"அடடே. நீங்க ஏம்மா நிக்கறீங்க? உள்ள வாங்க."

உள்ளே நாற்காலி கிடைத்தது. காகிதக் கோப்பையில் டீ வந்தது. எட்வர்ட் பெயரில் இருந்த டெபாசிட்டைச் சாதாரணக் கணக்காக வைத்திருப்பது அவருடைய தகுதிக்குக் குறைவு என்று பாக்கியராஜ் வருத்தப்பட்டார். அதை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற, லீவு முடிந்து சோகாருக்குத் திரும்பிய ஓர் ஆள் மூலம் காகிதம் போய், எட்வர்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் காவலாளி மேரியைக் கண்டால் கதவைத் திறந்துவிட்டான். அந்தச் சந்தோஷம் அடுத்த வட்டி வரும்வரை நீடித்தது.

வட்டி வந்தது. மூன்று பங்கில் ஒரு பங்கைக் காணோம்.

"அது வரிப் பிடித்தம்மா" என்றார் பாக்கியராஜ். "வெளிநாட்டுல இருக்கறவரு, அப்புறம் எங்க போய்த் தேடறது? அதனால முன்னாடியே பிடிச்சுடுவோம்."

"எங்க கூட்டாளி ஊட்டுல இவ்ளோ புடிக்கலியே சார்."

"அவங்க வீட்டுக்காரர் ஃபாரின்ல இல்லையே." அவர் ஆறுதலாகச் சிரித்தார். "கவலைப்படாதீங்க. இங்க அவருக்கு வேற வருமானம் இல்ல. கேட்டா முழுசும் திருப்பிக் கொடுத்துடுவாங்க. உங்க பணம்தானே."

"எங்க பணம்னா எதுக்கு சார் எடுத்தீங்க?"

"திருப்பிக் கொடுக்கறதுக்குத்தான்."

அந்த வட்டிக்கு ஒரு வேலை காத்திருந்தது. கூட்ரோட்டில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை காலியாக இருந்தது. வட்டி முழுசாக வந்தால் அட்வான்ஸ். அட்வான்ஸ் கொடுத்தால் வெல்டிங் கடை. கடை வந்தால், எட்வர்ட் சோகாருக்குப் 'போதும்பா' என்று சொல்லிவிட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிடுவார். இது புருஷனும் பெண்டாட்டியும் பல வருஷமாகப் போனில் பேசி வைத்திருந்த கணக்கு. இப்போது வீட்டுக்கு வருவதற்கான காசு, அவர் வீட்டில் இல்லை என்ற காரணத்துக்காகப் பிடிபட்டுக் கிடந்தது.

"கேட்டா குடுப்பாங்கன்னீங்களே, யார சார் கேக்கணும்?" என்றாள் மேரி.

"காக்களூர்ல ஒரு மையம் இருக்கும்மா. வட்டிவரி மீட்பு வசதி மையம். ஆனா நீங்க கேட்டா ஆகாது. அவர் வரணும்."

"அவரு இங்க இல்லியே சார்."

"அதைத்தான் அவர் நேர்ல வந்து சொல்லணும்."

மேரி போனில் சொன்னபோது எட்வர்டுக்குப் புரியவில்லை. "நான் அங்க இல்லன்றது அவுங்களுக்குத் தெரியாதா மேரி?"

"தெரியும். தெரிஞ்சுதான காச புடிச்சாங்க."

"அப்புறம் இன்னா?"

"புடிக்கறதுக்குத் தெரிஞ்சா போதுமாம். குடுக்கறதுக்கு நிரூபிக்கணுமாம்."

எட்வர்ட் சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் போட்டுவிட்டு, தான் இல்லை என்பதைச் சொல்ல விமானம் ஏறினார்.

மையம் காக்களூர் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் பக்கெட் செய்யும் ஒரு கம்பெனிக்கு மாடியில் இருந்தது. கீழே அச்சு எந்திரம் 'தொம்' என்று விழும்போதெல்லாம் மேலே மேசை ஒரு துள்ளு துள்ளும். அலுவலர் ராஜமாணிக்கம் அந்தத் துள்ளலுக்குப் பழகியவர். பேச்சைப் பாதியில் நிறுத்துவார், மேசை அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடருவார்.

"விண்ணப்பதாரர் யாரு?"

"நான்தான் சார். எட்வர்ட்."

"வெளிநாட்டுல வசிக்கறதா எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"இங்கதான் சார். உங்க முன்னாடி."

ராஜமாணிக்கம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேரியிடம் திரும்பினார். "பாத்தீங்களாம்மா, முதல் கேள்வியிலேயே முரண்பாடு."

"நீங்கதான சார் நேர்ல வரச் சொன்னீங்க?"

"வரச் சொல்றது விதி. வந்தா சந்தேகப்படறதும் விதி. ரெண்டையும் நாங்க பாரபட்சமில்லாம..." தொம். "...கடைப்பிடிக்கிறோம்."

எட்வர்ட் பாஸ்போர்ட்டை நீட்டினார். ராஜமாணிக்கம் முத்திரைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது போன முத்திரை. இது வந்த முத்திரை. போனீங்க, வந்தீங்க, ஒத்துக்கறேன். நடுவுல இருந்தீங்கன்றதுக்கு என்ன ஆதாரம்?"

"போட்டோ கீது சார்."

அநேகமாக எல்லாப் போட்டோக்களிலும் ஒரே மாதிரி ஓர் ஆள் நின்றான். தலையில் ஹெல்மெட், முகத்தில் வெல்டிங் கவசம், கழுத்துவரை கோட்டு. கம்பெனி விதி அப்படி. "இது நீங்கதான்றதுக்கு இதுல எந்தக் குறிப்பும் இல்லையே" என்றார் ராஜமாணிக்கம். கவசம் இல்லாத போட்டோ ஒன்று இருந்தது. அதில் எட்வர்ட் ஒரு பேரீச்சை மரத்தடியில் சிரித்துக்கொண்டு நின்றார். அதை மட்டும் ராஜமாணிக்கம் வெகுநேரம் பார்த்தார். "இந்த மரம் பொன்னேரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டப வாசல்லயும் இருக்கு. நானே சாப்பிட்டுட்டு வந்து நின்னிருக்கேன்."

"அப்ப இன்னாதான் சார் வோணும்?"

"சாட்சி. உங்களை ஊர்ல பாக்கலைன்னு சொல்றதுக்கு, உங்களை நல்லாத் தெரிஞ்ச ஆளு."

அடுத்த வாய்தாவுக்குப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரியபாளையம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்ததால் கன்னியம்மா உற்சாகமாக இருந்தாள்.

"எட்வர்டை ஊரில் பார்த்ததுண்டா?" என்று ராஜமாணிக்கம் கேட்டார்.

"எங்க சார் பாக்கறது? மனுசன் எந்நாளும் ஃபாரின்லயே கீறாரு. நல்லது கெட்டதுக்குக் கூட தலையக் காட்னது கெடையாது. இன்னா ஆளோ."

எட்வர்ட் தலையைக் குனிந்துகொண்டார். மேரி, "அக்கா, அளவாப் பேசு" என்று கிள்ளினாள்.

ராஜமாணிக்கம் எழுதிக்கொண்டே, "கடைசியா எப்ப பாத்தீங்க?" என்றார்.

"இப்பதான். பஸ்ல எனுக்கு இவருதான் டிக்கெட் எடுத்தாரு."

பேனா நின்றது. சாட்சியம் கோடு போட்டு அடிக்கப்பட்டது. பஸ் டிக்கெட்டைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு பங்குச் சாமியாரிடம் போய், எட்வர்ட் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவதில்லை என்று ஒரு கடிதம் வாங்கி வந்தார்கள். சாமியாரும் வருத்தத்தோடுதான் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு ராஜமாணிக்கம், "பூசைக்கு வராதவங்களையெல்லாம் வெளிநாடுன்னு எடுத்துக்கிட்டா ஊர்ல பாதிப் பேருக்கு நான் ரீஃபண்ட் குடுக்கணும்" என்றார்.

"சார், இதுவரிக்கும் யாருக்காச்சும் குடுத்துக்கீறீங்களா?" என்று மேரி கேட்டுவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் வேலைக்கே வந்தவர் போல முகம் மலர்ந்தது.

"அம்மா, இந்த மையம் திறந்ததிலிருந்து ஒரு ரூபா கூடத் தப்பான ஆளுக்குப் போனதில்ல. மேலிடத்துல எங்களுக்கு விருதே குடுத்திருக்காங்க. அதோ மாட்டியிருக்கு பாருங்க."

"சரியான ஆளுக்குப் போய்கீதா சார்?"

"யாருக்குமே போகலைன்னாதானேம்மா தப்பான ஆளுக்குப் போகாது?" தொம். விருது ஆணியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. நாங்க யாரையும் நம்பறதில்ல. அதனாலதான் மக்கள் எங்களை நம்பறாங்க."

வாய்தாமேல் வாய்தா போனது. சோகாரிலிருந்து கம்பெனிக்காரர்கள் தினமும் கூப்பிட ஆரம்பித்தார்கள். விசா காலாவதியாகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் ராஜமாணிக்கமே அக்கறையாக எச்சரித்தார்.

"எட்வர்ட், நீங்க வருஷத்துல பாதிக்கு மேல இங்க இருந்துட்டா, வெளிநாடுவாழ் ஆளுன்ற தகுதி போயிடும். சீக்கிரம் கிளம்புங்க."

"கெளம்பிட்டா சார்?"

"விண்ணப்பதாரர் ஆஜராகலைன்னு ஃபைலை மூடிடுவோம்."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"இருக்கவும் கூடாது, இல்லாமலும் போகக் கூடாது."

எட்வர்ட் யோசித்தார். "ஆரம்பாக்கம் தாண்டிட்டா ஆந்திரா சார். அங்க ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கினு, கூப்புடறப்ப வரட்டா?"

ராஜமாணிக்கம் உடனே மறுக்கவில்லை. ஒரு கனத்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். நெடுநேரம் கழித்து, "ஆந்திரா இன்னும் வெளிநாடா அறிவிக்கப்படல" என்றார்.

கடைசியில் ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. வசிக்காமைக் கள ஆய்வு. ராஜமாணிக்கம் வீட்டுக்கே வந்து, எட்வர்ட் அங்கே வசிக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்வார். அதில் தேறிவிட்டால் பணம் வந்துவிடும்.

"ஆய்வு நடக்கறப்ப விண்ணப்பதாரர் வீட்டுல இருக்கக் கூடாது" என்று விளக்கினார். "ஆய்வு முடிஞ்சதும், 'ஆய்வின்போது நான் வீட்டில் இல்லை'ன்னு என் முன்னால கையெழுத்துப் போடணும். தாமதமில்லாம."

"அப்ப நான் எங்க சார் நிக்கறது?"

"அடுப்படியில நில்லுங்க. அடுப்படி எங்க ஆய்வு வரம்புல வராது."

ஆய்வன்று காலையில் மேரியும் கன்னியம்மாவும் வீட்டில் எட்வர்ட் இருந்த தடயத்தையெல்லாம் எடுக்க ஆரம்பித்தார்கள். கொடியிலிருந்து லுங்கி. ஜன்னல் மேலிருந்து ரேசர். வாசலிலிருந்து செருப்பு. அரை பாட்டில் சென்ட். சுவரிலிருந்து அந்தப் பேரீச்சை மரத்துப் போட்டோ. எல்லாவற்றையும் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் போட்டாள் மேரி. இன்னும் என்ன என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பீரோவைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஒன்றும் இல்லை.

"அவ்ளோதானா?" என்றாள் கன்னியம்மா.

"அவ்ளோதாங்க்கா."

"பையில மேல இன்னும் எடம் கீதே."

"கீதுக்கா."

மேரி பையைக் கட்டிலோரம் வைத்தாள். அது நிற்காமல் ஒரு பக்கமாக மடிந்து விழுந்தது.

ராஜமாணிக்கம் ஃபைலோடு வந்தார். கொடியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், தலையணையை முகர்ந்து பார்த்தார். அடுப்படியிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

"அது என்னம்மா?"

"அடுப்படி சார்."

"சரி. வரம்புல வராது." குறித்துக்கொண்டார். பிறகு சுவரில் வெள்ளையாகத் தெரிந்த சதுரத்துக்கு முன்னால் நின்றார். "இங்க ஒரு போட்டோ இருந்திருக்கே?"

"எடுத்துட்டேன் சார்."

"ஏம்மா எடுத்தீங்க? புருஷன் தூரதேசத்துல இருந்தா பெண்டாட்டி போட்டோ மாட்டித்தானே வச்சிருப்பா? போட்டோ இல்லைன்னா ஆளு இங்கேயே இருக்காருன்னு சந்தேகம் வரும். மாட்டுங்க, மாட்டுங்க."

மேரி பையிலிருந்து போட்டோவை எடுத்து மாட்டினாள்.

"பூ, மாலை எதுவும் வச்சிடாதீங்க. அதுக்கு வேற விண்ணப்பம்."

வைக்கமாட்டேன் என்று மேரி தலையாட்டினாள். ராஜமாணிக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் திருப்தி. கடைசியா வாய்மொழி உறுதி. ஒரே கேள்வி, ஒரே வார்த்தைல பதில். 'இல்லை'ன்னு சொல்லுங்க, இங்கேயே கையெழுத்துப் போடறேன், பணம் வந்துடும். ஆரோக்கியமேரி அவர்களே, உங்கள் கணவர் எட்வர்ட் இந்த வீட்டில் இருக்கிறாரா?"

இது மேரிக்குப் புதுக் கேள்வி இல்லை. பத்திரிகை வைக்க வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். மழைக்குக் கூரை ஒழுகியபோது கொத்தனார் கேட்டிருக்கிறார். அப்பாவைக் கல்லறைக்குத் தூக்கிப் போனபோது, மருமகன் எங்கே என்று ஊரே கேட்டது. எல்லோருக்கும் 'அவரு இல்லீங்க' என்றே சொல்லிச் சொல்லி வாய்க்கு அது வழக்கமாகிவிட்டது. அந்த வார்த்தைக்கு இன்றைக்குத்தான் முதல்முதலாகக் காசு தருகிறேன் என்கிறார்கள்.

கட்டிலோரம் மடிந்து கிடந்த பையைப் பார்த்தாள்.

"இருக்காரு" என்றாள்.

"மேடம், கேள்வியைச் சரியா..."

"காதுல வியுந்திச்சு சார். இருக்காரு. அதோ அடுப்படில நிக்கறாரு. இன்னும் நாஷ்டா கூட துன்னல."

எட்வர்ட் வெளியே வந்தார். "மேரி, இன்னா இப்டி சொல்லிட்ட?"

ராஜமாணிக்கம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பிறகு அவர் குரல் தழுதழுத்தது. "எங்க மைய வரலாற்றுலயே ஒரு கேள்விக்கு இவ்வளவு தெளிவா பதில் வந்தது இதுதாம்மா முதல் தடவை." நிராகரிக்கப்பட்டது என்ற முத்திரையை மனநிறைவோடு குத்தினார். போகும்போது எட்வர்டிடம் காகிதத்தை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்து."

"'ஆய்வின்போது நான் வீட்டில் இல்லை'ன்னு போட்டுக்கீது சார்."

"இருந்தேன்னு போட எங்ககிட்ட படிவம் கிடையாது."

எட்வர்ட் கையெழுத்துப் போட்டார்.

ராஜமாணிக்கம் தெருமுனை திரும்பினார். பிறகு எட்வர்ட் போனைக் கையில் எடுத்தார். "பணமும் போச்சு. கடையும் இல்ல. விசா முடிய இன்னும் ரவ நாள் கீது. டிக்கெட் போட்டுறட்டா?"

மேரி பையிலிருந்து லுங்கியை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள்.

"ஒரு ஆபீசரு முன்னாடி நீ இருக்கறன்னு சொல்லிக்கீறேன். என்னப் பொய்க்காரி ஆக்காத."

எட்வர்ட் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த வாரம் விசா முடிந்தது. அதற்கடுத்த வாரம் கூட்ரோட்டில், காலிக் கடைக்கு வெளியே, அட்வான்ஸ் கேட்காத ஒரு புளியமரத்தில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, வாடகை எந்திரத்தில் லாரிகளுக்கு வெல்டிங் வைக்க ஆரம்பித்தார். முகத்தில் அதே கவசம்தான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அதைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. ஆள் இங்கேயே வந்துவிட்டதால், அடுத்த வட்டியிலும் பிடிக்காமல் இருக்க, கணக்கைப் பழையபடி சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். இருவரும் வங்கிக்குப் போனார்கள். காவலாளி கதவைத் திறந்துவிட்டான். மேலாளர் கதவோரம் எந்திரத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். 'மன்னிக்கவும், மீண்டும் முயலவும்' என்றது அது. அவர் அலுத்துப்போய், இவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். இந்தத் தடவை டீ வரவில்லை.

"மாத்திடலாம்மா. சின்ன வேலைதான்" என்றார் பாக்கியராஜ். "அவர் இப்ப வெளிநாட்டுல இல்லைன்றதுக்கு ஒரு உறுதிச்சான்று மட்டும் வேணும்."

"அதான் எதுர்லயே குந்திக்கினு கீறாரே சார்."

"இங்க இருக்கார்னு எனக்குத் தெரியுது. அங்க இல்லைன்னு எப்படித் தெரியும்? அந்தச் சான்றை அந்த நாட்டுலதான் குடுப்பாங்க."

"தபால்ல வாங்கலாமா?"

"முடியாதும்மா. சார் நேர்ல அங்க போய், நான் இங்க இல்லைன்னு சொல்லணும்."

எட்வர்ட் மேரியைப் பார்த்தார். மேரி மேலாளரைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"சார், ஒண்ணு கேக்கறேன். நீங்க இப்ப இங்க இருக்கீங்களா?"

பாக்கியராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தவர், பழக்கதோஷத்தில் கணினிப் பக்கம் திரும்பி எதையோ தட்டிப் பார்த்தார். முகம் சற்று வாடியது.

"காலையிலிருந்து மெஷின் என் விரலை எடுக்கலைம்மா" என்றார் மெதுவாக. "சிஸ்டப்படி நான் இன்னும் வரல."

எட்வர்ட் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"சரி மேரி, வா போலாம்" என்றார், மேலாளரைப் பார்த்துக்கொண்டே. "சாரு வந்தப்புறம் வரலாம்."